பூனையின் கண்ணை வண்ணப் பென்சிலில் வரைவது எப்படி?

விலங்குகளை வரையப் பழகுகிறவர்களின் படங்களில் ஒரே குறையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ரோமம் அழகாக வந்திருக்கும், மூக்கு சரியாக இருக்கும், கண் மட்டும் பொத்தான் தைத்ததுபோல் தட்டையாக இருக்கும். உழைப்பில் குறை சொல்ல முடியாது. நிறமுள்ள வளையத்துக்குள் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகளைப் பொறுமையாக இழுத்திருப்பார்கள். கண்ணுக்கு உயிர் வருவது வேறு மூன்று இடங்களிலிருந்து. வெளிச்சம் எங்கே பட்டுத் தெறிக்கிறது, உள்ளே நுழைந்த வெளிச்சம் எந்தப் பக்கத்தை ஒளிரச் செய்கிறது, மேல் இமையின் நிழல் எதுவரை இறங்குகிறது. இவை சரியாக அமைந்துவிட்டால் கோடு ஒன்றுகூட இழுக்காமலே அந்தக் கண் உங்களைப் பார்க்கும்.

முதல் பயிற்சிக்குப் பச்சை அல்லது மஞ்சள் கண் கொண்ட பூனையை எடுத்துக்கொள்ளுங்கள். நாயின் அடர் பழுப்புக் கண்ணிலும் இதே ஒளி விளையாட்டு நடக்கிறது, ஆனால் இருட்டுக்குள் நடப்பதால் புதியவருக்குப் பிடிபடாது. பூனையின் வெளிர் நிறக் கண்ணில் எல்லாம் வெளிப்படையாகத் தெரியும்.

பென்சிலை எடுக்கும் முன்

மூன்று பெயர்களை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். நடுவில் கறுப்பாகத் தெரியும் துளை பாவை. அதைச் சுற்றியுள்ள நிற வளையம் ஐரிஸ். இவை இரண்டுக்கும் மேலே, கடிகாரத்தின் கண்ணாடிபோல் வெளியே புடைத்து நிற்கும் தெளிந்த மூடி கார்னியா.

பூனையைப் பக்கவாட்டிலிருந்து ஒருமுறை உற்றுப் பாருங்கள். தெளிந்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்று முன்னால் கவிந்திருக்க, ஐரிஸ் அதற்குப் பின்னால் சற்று உள்ளே தள்ளி, ஏறக்குறைய தட்டையான ஒரு வட்டாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் தெளிவான திரவம் இருக்கிறது. நாம் வரையும் எல்லாமே இந்த இடைவெளியைத் தாளில் காட்டுவதற்காகத்தான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு வருகிறது. ஒரு மரப் பந்தின் மேல் இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் இடப்பக்கம் வெளிச்சமாகவும் வலப்பக்கம் இருளாகவும் இருக்கும். கண்ணில் இது தலைகீழாக நடக்கும். வெளிச்சம் கார்னியாவில் பட்ட இடத்தில் ஒரு சிறு பகுதி தெறித்து வெள்ளைப் புள்ளியாகிறது. மீதி வளைந்து உள்ளே போய் ஐரிஸின் எதிர்ப்பக்கத்தில் குவிகிறது. எனவே ஒளிப்புள்ளி மேலே இடப்பக்கம் இருந்தால், ஐரிஸின் மிகப் பிரகாசமான பகுதி கீழே வலப்பக்கம் இருக்கும். தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குவளையை ஜன்னல் வெயிலில் வைத்தால், வெளிச்சம் வரும் பக்கத்துக்கு எதிரே மேசையில் ஓர் ஒளித் திட்டு விழுமே, அதே கதைதான். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவர் பொத்தான் கண்ணை மறுபடி வரையமாட்டார்.

தேவையானவை

தாள் வழவழப்பாகவும் கனமாகவும் இருக்கட்டும், 200 முதல் 300 ஜிஎஸ்எம் வரை (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). சொரசொரப்பான நீர்வண்ணத் தாளில் நுணுக்கங்கள் உடைந்து போகும். அதே நேரத்தில் கண்ணாடிபோல் வழுக்கும் தாளும் உதவாது. நிறத்தைப் பிடித்துக்கொள்ளக் கொஞ்சமாவது பிடிமானம் வேண்டும்.

பென்சில்களில் மெழுகு கலந்தவை, எண்ணெய் கலந்தவை என இரு வகை உண்டு. பிரிஸ்மாகலர் பிரீமியர் மெழுகு வகை. மிருதுவானது, நிறம் சட்டென்று நிரம்பும், ஆனால் முனை சீக்கிரம் மழுங்கும். ஃபேபர்-காஸ்டெல் பாலிகுரோமோஸ் எண்ணெய் வகை. சற்றுக் கடினமானது, கூர் நிற்கும். கண் போன்ற சிறிய இடத்துக்கு எனக்குக் கூர் நிற்கும் பென்சில்தான் பிடிக்கும். பாலிகுரோமோஸில் 120 நிறங்கள் இருக்கின்றன. நமக்கு அவற்றில் பத்துப் பன்னிரண்டு போதும்: கிரீம், எலுமிச்சை மஞ்சள், மஞ்சள் காவி, வெளிர் பச்சை, ஆலிவ் பச்சை, செபியா எனப்படும் அடர் பழுப்பு, இண்டிகோ எனப்படும் கருநீலம், கறுப்பு, வெளிர் நீலம், வெளிர் இளஞ்சிவப்பு, சாம்பல், வெள்ளை.

இவற்றோடு ஒரு நல்ல ஷார்ப்பனர், மாவுபோல் பிசையக்கூடிய ரப்பர், வெள்ளை ஜெல் பேனா ஆகியவை வேண்டும்.

பார்த்து வரையும் புகைப்படத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாதீர்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த படம் வேண்டாம். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் பாவை பச்சையாக எரியும், நிழல்கள் அழிந்துபோகும். ஒரே ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் வெளிச்சம் விழும் படம்தான் ஆசிரியர். கண்ணைத் தாளில் குறைந்தது 8 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்கி வரையுங்கள். சிறிதாக வரைந்தால் பென்சிலின் முனையே உங்களுக்கு எதிரியாகிவிடும்.

படி 1: கோட்டுரு

சாதாரணப் பென்சிலால் மிக லேசாக வரைந்து, பிசையும் ரப்பரை ஒற்றி ஒற்றி எடுத்து, கோடு தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவுக்கு மங்கவைத்துக்கொள்ளுங்கள். கரி கீழே தங்கிவிட்டால் மேலே போடும் மஞ்சள் அழுக்காகிவிடும்.

பூனையின் கண் நாம் மனத்தில் வைத்திருக்கும் பாதாம் வடிவம் அல்ல. உள்மூலை மூக்கை நோக்கிக் கீழே சரிந்து ஒரு சிறு முனையாக முடியும். வெளிமூலை அதைவிட உயரத்தில் இருக்கும். ஐரிஸை முதலில் முழு வட்டமாகப் போட்டுவிட்டு, பிறகு இமைகள் அதன் மேலும் கீழும் கொஞ்சம் மறைப்பதாக வரையுங்கள். வட்டத்தைத் தனித்தனித் துண்டுகளாக வரைந்தால் கண் பிதுங்கியோ நசுங்கியோ போகும். வெள்ளைவிழி பூனையில் அநேகமாகத் தெரியாது. மனிதக் கண்ணை வரைந்த பழக்கத்தில் இருபுறமும் வெள்ளை விட்டுவிடாதீர்கள், பூனை திடுக்கிட்டதுபோல் ஆகிவிடும்.

பாவை நல்ல வெயிலில் மெல்லிய கீற்றாகவும், மங்கிய வெளிச்சத்தில் வட்டமாகவும் இருக்கும். பழகுவதற்கு இரண்டுக்கும் இடைப்பட்ட, நடுவில் பருத்து இருமுனையும் குறுகிய வடிவம் வசதியானது.

படி 2: வெள்ளையைக் காப்பாற்றுதல்

வண்ணப் பென்சில் ஒளி ஊடுருவும் நிறம். அதில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான். ஒருமுறை கறுப்புப் படிந்த இடத்தில் வெள்ளைப் பென்சிலைத் தேய்த்தால் சாம்பல்தான் கிடைக்கும். ஆகவே ஒளிப்புள்ளியின் எல்லையை இப்போதே குறித்து, கடைசிவரை அதற்குள் நுழையாமல் இருங்கள்.

ஒளிப்புள்ளி என்று பழக்கத்தில் சொல்கிறோம், உண்மையில் அது எதிரே இருக்கும் வெளிச்சத்தின் படம். ஜன்னலாக இருந்தால் வளைந்த நாற்சதுரம், வெயிலாக இருந்தால் கூர்மையான சிறு பொட்டு, மேகமூட்டமான வானமாக இருந்தால் விளிம்பு கரைந்த நீலம் பாய்ந்த பரப்பு. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1502-இல் நீர்வண்ணத்தில் தீட்டிய இளம் முயலின் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு ஜன்னலின் சட்டங்கள் அந்தச் சிறிய கண்ணுக்குள் தெரியும். வியன்னாவின் ஆல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தில் முயலுக்குப் பின்னால் அறை எதுவும் வரையப்படவில்லை. ஆனால் அந்த ஒரு கண்ணே முயல் ஓர் அறைக்குள் இருப்பதைச் சொல்லிவிடுகிறது. எனவே கண்ணின் நடுவில் ஒரு வட்டப் பொட்டு வைத்துவிட்டு நகராதீர்கள். உங்கள் படத்தில் அது என்ன வடிவம் என்று பார்த்து வரையுங்கள். கார்னியாவின் மேல் விழுவதால் அது பாவையிலும் ஐரிஸிலும் பாதிப்பாதியாக, எல்லையைத் தாண்டிக் கிடக்கலாம். அப்படிக் கிடந்தால் நல்லது, கண்ணாடி மூடி இருப்பது உடனே புலப்படும்.

படி 3: முதல் பூச்சு

ஒளிப்புள்ளியைத் தவிர ஐரிஸ் முழுவதும் கிரீம் நிறம். கையின் எடையைப் பென்சிலில் ஏற்றாதீர்கள், பென்சில் தன் சொந்த எடையில் தாளில் ஊர்ந்தால் போதும். அதன் மேல் எலுமிச்சை மஞ்சள், அதன் மேல் வெளிர் பச்சை. ஒவ்வொன்றும் மெல்லிய திரைபோல் இருக்க வேண்டும். ஆரம்பத்திலேயே அழுத்தினால் தாளின் பிடிமானம் நிரம்பிவிடும், பிறகு எந்த நிறமும் ஒட்டாமல் வழுக்கும். ஆறு ஏழு அடுக்கு வரப்போகிறது என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒளி குவியும் எதிர்ப்பக்கத்தில் மஞ்சளும் கிரீமும் மட்டும் இருக்கட்டும். பச்சையை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

படி 4: ஐரிஸ்

இங்கேதான் எல்லோரும் சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள்போல் கோடு இழுக்கிறார்கள். ஐரிஸின் இழைகள் அப்படி இருப்பதில்லை. வெளிவிளிம்பிலிருந்து உள்ளே வரும் சில இழைகள் பாதியிலேயே மங்கிவிடும். பாவையிலிருந்து வெளியே கிளம்பும் சில, மற்றவற்றைத் தொடாமல் நின்றுவிடும். நடுவில் சில இடம் வெறுமையாகக் கிடக்கும். ஆகவே ஆலிவ் பச்சையால் வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கிச் சிறு சிறு கீற்றுகள் போடுங்கள். ஒவ்வொரு கீற்றையும் அழுத்தித் தொடங்கி, தூக்கி முடியுங்கள். பாவையின் ஓரத்திலிருந்து மஞ்சள் காவியால் வெளிநோக்கி இன்னும் குட்டையான கீற்றுகள். நீளம் ஒன்றுபோல் இருக்கக் கூடாது, இடைவெளியும் ஒன்றுபோல் இருக்கக் கூடாது.

ஐரிஸின் வெளிவிளிம்பை ஆலிவ் பச்சையோடு செபியா கலந்து சற்று இருளாக்குங்கள். கோடாக வேண்டாம், உள்நோக்கிக் கரையும் நிழலாக இருக்கட்டும். பல பூனைகளுக்குப் பாவையை ஒட்டிய வளையம் வேறு சாயலில் இருக்கும். சிலவற்றில் வெளியே மஞ்சள், உள்ளே பச்சை. புகைப்படத்தில் இருப்பதை நம்புங்கள்.

படி 5: மேல் இமையின் நிழல்

இந்தப் படிக்கு மற்ற எல்லாப் படிகளையும்விட அதிக நேரம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒருமுறை சாம்பல் நிறப் பூனை ஒன்றின் கண் என் மேசையில் மூன்று நாள் உயிரற்றுக் கிடந்தது. இழைகள் நன்றாக இருந்தன, ஒளிப்புள்ளி வெண்மையாக இருந்தது, பாவை கறுப்பாக இருந்தது. இருந்தும் கண் முகத்தில் ஒட்டிவைத்த ஸ்டிக்கராகவே தெரிந்தது. மூன்றாம் நாள் மாலை, இனிக் கெட்டாலும் பரவாயில்லை என்று இண்டிகோவை எடுத்து ஐரிஸின் மேல் மூன்றில் ஒரு பங்கில் இறக்கினேன். மேல் இமைக்குக் கீழே நெருக்கமாக, பிறகு கீழிறங்க இறங்க மெலிதாக. அதன் மேல் ஆலிவ் பச்சை, அதன் மேல் செபியா, மறுபடி இண்டிகோ. நான்காவது பூச்சில் இமை தாளைவிட்டு மேலே எழும்பியது, கண் குழிக்குள் போய் அமர்ந்தது. அரும்பாடுபட்டு வரைந்த இழைகளில் பாதி அந்த நிழலில் மூழ்கிப் போனது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பூனை பார்க்கத் தொடங்கிவிட்டது.

இமைக்குத் தடிமன் இருக்கிறது, அது உருண்டையான பரப்பின் மேல் கவிந்திருக்கிறது. எனவே அதன் நிழல் விளிம்பு நேர்கோடாக விழாது, உருண்டையின் வளைவை ஒட்டி வளைந்து விழும். நிழலுக்குள்ளும் ஐரிஸின் நிறம் மங்கலாகத் தெரிய வேண்டும். அதனால்தான் வெறும் கறுப்பைப் போடாமல் இண்டிகோவையும் பச்சையையும் அடுக்குகிறோம். புதியவர்களின் கை இங்கே அஞ்சி நின்றுவிடும். படத்தை இரண்டடி தள்ளி வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு புகைப்படத்தையும் படத்தையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் நிழல் எவ்வளவு வெளிறியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

படி 6: பாவை

கறுப்புப் பென்சிலை மட்டும் அழுத்தித் தேய்த்தால் தாளில் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். முதலில் இண்டிகோ, பிறகு செபியா, கடைசியில் கறுப்பு. மூன்றும் சேர்ந்தால் வரும் இருளுக்கு ஆழம் இருக்கும். ஓரத்தைக் கத்தியால் வெட்டியதுபோல் விடாமல், ஐரிஸின் இழைகள் அதற்குள் ஒரு மயிரிழை நுழையும்படி மென்மையாக்குங்கள். பாவையின் மேற்பகுதியில் வானமோ சுவரோ மங்கலாகத் தெரிந்தால் அந்த இடத்தில் கறுப்பைக் குறைத்து வெளிர் நீலத்தை லேசாகப் பூசலாம்.

மெழுகுப் பென்சிலில் இப்படி அடர்த்தியாக நிரப்பினால் சில நாட்களில் கறுப்பின் மேல் சாம்பல் பூத்ததுபோல் மங்கல் படியும். மெழுகு மேலே எழும்புவதால் வருவது அது. மிருதுவான துணியால் மெல்லத் துடைத்தால் போய்விடும்.

படி 7: ஈரம்

பூனையின் கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல் கருவிளிம்பு ஒன்று இருக்கும். அதைத் தடித்த கோடாகப் போட்டுவிடுவது பெரும் பிழை. மேல் விளிம்பு நிழலோடு கலந்துவிடும். கீழ் விளிம்புக்கு அகலம் உண்டு, அது ஒரு சிறு திண்ணைபோல் மேல்நோக்கித் திரும்பியிருக்கும், அதன் மேல் கண்ணீர் தேங்கி மின்னும். கண்ணும் கீழ் இமையும் சந்திக்கும் இடத்தில் மயிரிழை அகலத்துக்கு வெளிர் சாம்பல் அல்லது வெளிர் நீலக் கோடு ஒன்றை விட்டுவிட்டு, அதற்கு வெளியே செபியாவால் விளிம்பை வரையுங்கள். அந்தக் கோடும் தொடர்ச்சியாக இருக்க வேண்டாம், இரண்டு மூன்று இடத்தில் அறுபட்டால்தான் ஈரம்போல் தெரியும். பூனைக்கு உள்மூலையிலிருந்து கண்ணின் குறுக்கே விரியும் மெல்லிய படலம் ஒன்று உண்டு, அதை மூன்றாவது இமை என்பார்கள். அதன் ஓரம் தெரிந்தால் வெளிர் இளஞ்சிவப்பும் கொஞ்சம் சாம்பலும் போதும்.

படி 8: மெருகும் முடியும்

ஐரிஸின் ஒளி குவியும் பகுதியைக் கிரீம் பென்சிலால் இப்போது அழுத்தித் தேய்க்கலாம். தாளின் குழிகள் நிரம்பி, நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து, கண்ணாடிப் பளபளப்பு வரும். நிழல் பகுதியில் இதைச் செய்யாதீர்கள், வெளிறிவிடும். ஜெல் பேனாவைக் கடைசியில் ஒரே ஒரு முறை, ஒளிப்புள்ளியின் நடுவிலும் ஈரக்கோட்டின் ஓரிடத்திலும் மட்டும் தொடுங்கள்.

கண்ணைச் சுற்றியுள்ள முடி மிகக் குட்டை. பல பூனைகளுக்குக் கண்ணின் ஓரத்தில் அது வெளிறியிருக்கும். முடி வளரும் திசையிலேயே, கண்ணிலிருந்து வெளிநோக்கிக் கீற்றுப் போடுங்கள். வெள்ளை முடிகள் வேண்டிய இடத்தில், நிறம் போடும் முன்பே மை தீர்ந்த பால் பாயிண்ட் பேனாவால் தாளில் அழுத்திக் கோடு போட்டுவிட்டால், மேலே பூசும் நிறம் அந்தப் பள்ளத்துக்குள் இறங்காமல் வெள்ளையாகவே நிற்கும்.

மற்ற விலங்குகள்

புலி பெரிய பூனைதானே என்று கீற்றுப் பாவை வரைகிறவர்கள் உண்டு. புலி, சிங்கம், சிறுத்தை மூன்றுக்கும் பாவை வட்டம்தான். நாய்க்கும் ஓநாய்க்கும் வட்டம், நரிக்குச் செங்குத்துக் கீற்று. நாயின் கண்ணில் ஐரிஸுக்கும் பாவைக்கும் வேறுபாடு குறைவு என்பதால், கீழ்ப்பகுதியில் ஒளி குவியும் இடத்தை ஆரஞ்சு கலந்த பழுப்பில் துணிந்து பிரகாசமாக்குங்கள்.

குதிரையின் பாவை கிடைமட்டமான நீள்வட்டம். அதன் மேல் ஓரத்தில் கரிய முண்டுகள் சிறு திராட்சைக் கொத்துபோல் தொங்கும், அதை அழுக்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். திறந்தவெளியில் நிற்கும் குதிரையின் கண்ணில் மேல்பாதி வானமாகவும் கீழ்பாதி நிலமாகவும் தெரியும், நடுவே தொடுவானம் வளைந்து ஓடும். நீண்ட இமை முடிகள் அந்த வானத்தைக் கீறிக்கொண்டு போகும்.

ஆடும் குதிரையும் மேய்வதற்குத் தலையைக் குனிந்தாலும் பாவை தரைக்கு ஏறக்குறைய இணையாகவே இருக்கும். கண் குழிக்குள்ளேயே 50 பாகையோ அதற்கு மேலோ சுழன்றுகொள்கிறது. 214 நிலவாழ் விலங்கினங்களின் பாவை வடிவங்களை ஒப்பிட்டு 2015-இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த ஆய்வு இதையும் விளக்கியது. தரையோடு இணையாக விரிந்த பாவை, மேயும் விலங்குக்குச் சுற்றுப்புறத்தை அகலமாகக் காட்டுகிறது. மேயும் குதிரையை வரையும்போது முகத்தோடு சேர்த்துப் பாவையையும் செங்குத்தாகத் திருப்பிவிடாதீர்கள்.

ஆந்தையின் கண் உருண்டையாக இல்லாமல் குழாய் வடிவில் இருப்பதால் குழிக்குள் அசைய முடிவதில்லை. அதற்காகத்தான் கழுத்தைத் திருப்புகிறது. எனவே கடைக்கண்ணால் பார்க்கும் ஆந்தையை வரையக் கூடாது, பாவைகள் முகம் நோக்கும் திசையையே நோக்கட்டும்.

ஒரு கண் கைகூடியதும் முழு முகத்துக்குப் போவீர்கள். அப்போது ஒரு கண்ணை வரைந்துவிட்டு அதையே கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பி மறுகண்ணை வரையாதீர்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் வருகிறது. இடக்கண்ணில் ஒளிப்புள்ளி மேலே இடப்பக்கம் என்றால் வலக்கண்ணிலும் மேலே இடப்பக்கமே. இரண்டையும் ஒன்றை முடித்து ஒன்று என்று செய்யாமல், ஒவ்வொரு அடுக்கையும் இரு கண்ணிலும் மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டே வாருங்கள். இடையிடையே தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால், எந்தக் கண் ஒரு நூல் மேலே ஏறியிருக்கிறது என்பது, கிரீம் பூச்சிலேயே, இன்னும் ரப்பரால் எடுக்க முடிகிற நேரத்திலேயே தெரிந்துவிடும்.